பால் காய்ச்சுவது ஒரு நாள், விருந்து இன்னொரு நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி முடியப் போகிறது. ஆடியில் வீடு மாறக் கூடாது என்று தள்ளிப்போட்ட அத்தனை பேரும் ஆவணியின் முதல் இரண்டு மூன்று முகூர்த்த நாள்களில் ஒன்றாகக் குடிபோவார்கள். அந்த வாரங்களில் சென்னையில் டெம்போ கிடைக்காது, சமையலுக்கு ஆள் கிடைக்காது, ஐயர் ஒரே காலையில் மூன்று வீடு ஏறி இறங்குவார். புதுமனை புகுவிழா பற்றிப் பத்திரிகைகளில் வரும் குறிப்புகள் பெரும்பாலும் சொந்த வீடு கட்டியவர்களை நினைத்து எழுதியவை. பந்தல், நாயனம், முந்நூறு இலை என்று போகும். வாடகைக்கோ லீசுக்கோ இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுக்குப் போகிறவர், நாற்பது பேரைக் கூப்பிட்டு எளிமையாக ஒரு வேளை உபசரிக்க நினைக்கிறவர், இவர்களுக்கு எழுதுபவர் குறைவு. சின்ன விசேஷங்களுக்குச் சமைப்பதும் அடுக்ககச் சங்க வேலை பார்ப்பதும் எங்களுக்கு அன்றாடம் என்பதால் இந்தக் கடிதம்.

சொல்ல வந்தது ஒன்றுதான்: பால் காய்ச்சுவதையும் விருந்தையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். நடுவில் இரண்டு வாரமாவது இருக்கட்டும்.

ஒரே நாளில் வைத்தால் என்ன ஆகும்? காலை 5 மணிக்குப் பால். 8 மணிக்குச் சாமான் வண்டி. 9 மணிக்கு உறவினர். லிஃப்டில் ஒரு பக்கம் பீரோ ஏறுகிறது, இன்னொரு பக்கம் பெரியம்மா காத்து நிற்கிறார். டம்ளர் எந்த அட்டைப் பெட்டியில் என்று யாருக்கும் தெரியாது. கேஸ் இணைப்பு மாறி வரவில்லை. கழிவறையில் ஃபிளஷ் ஓடிக்கொண்டே இருக்கிறது என்பது பத்தாவது ஆள் போய்வந்த பிறகுதான் தெரியும். தண்ணீர் எத்தனை மணிக்கு விடுவார்கள் என்பது அன்றுதான் விசாரிக்கப்படும். வந்தவர்கள் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் உட்கார இடமில்லாமல், வாங்கிவந்த சுவர்க் கடிகாரத்தைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டுப் போவார்கள்.

பழைய வழக்கமும் இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. நல்ல நாளில் காலி வீட்டில் பால் காய்ச்சிவிட்டு, சாமானை வசதிப்பட்ட நாளில் ஏற்றுவதுதான் வாடகை வீட்டு முறை. மதம் பார்க்காமல் தமிழ்நாட்டில் பலரும் இதைச் செய்கிறார்கள். இதற்கு ஏழெட்டுப் பேர் போதும்.

நாள் பார்க்கிறவர்கள் கிழமையையும் கணக்கில் வையுங்கள். திங்கள் காலை 7.30 முதல் 9 வரை ராகு காலம். வியாழன் 6 முதல் 7.30 வரை எமகண்டம். புதன் 7.30 முதல் 9 வரை எமகண்டம். ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் இரண்டும் கிடையாது. எமகண்டம் 12 மணிக்குத்தான் தொடங்குகிறது, ராகு காலம் மாலை 4.30-க்கு. வேலைக்குப் போகும் வீடுகளுக்கு ஞாயிறு தோதாக இருப்பதற்கு விடுமுறை மட்டும் காரணமில்லை.

காலி வீட்டுக்குள் முதலில் போக வேண்டியவை சாமி படம், நிறைகுடம் தண்ணீர், உப்பு, மஞ்சள், அரிசி, பருப்பு, வெல்லம். இதையெல்லாம் எல்லோரும் மறக்காமல் எடுத்துப் போகிறார்கள். மறந்துபோகிறவை வேறு: தீப்பெட்டி, லைட்டர், கத்தரிக்கோல், பழைய துணி இரண்டு, இடுக்கி, டம்ளர் பத்து, வடிகட்டி, குப்பை போட ஒரு பை, கழிவறைக்கு ஒரு வாளியும் மக்கும், ஒரு சோப்பு. இவற்றை ஒரே கட்டைப்பையில் போட்டு முந்தின இரவே வாசலில் வைத்துவிட்டால், விடியற்காலையில் கடை திறக்கக் காத்து நிற்க வேண்டியதில்லை.

அடுப்பு பெரிய கேள்வி. பழைய வீட்டு சிலிண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தால் அங்கே கடைசி நாள் சமையல் நின்றுபோகும். ஐந்து கிலோ சிறிய சிலிண்டரை முகவரிச் சான்று கேட்காமல், அடையாள அட்டையைப் பார்த்தே தருகிறார்கள். ரெகுலேட்டர் பொருந்துகிறதா என்று வாங்குமிடத்திலேயே மாட்டிப் பாருங்கள். வீட்டில் மாட்டியதும் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழ் வருகிறதா என்று பார்த்த பிறகே பற்றவைக்க வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பில் காய்ச்சுவதானால் இரண்டு விஷயம். பித்தளை, செம்புப் பாத்திரம் அதில் சூடாகாது. அடியில் காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் வேண்டும். இரண்டாயிரம் வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். ஹாலில் இருக்கும் சின்ன 6 ஆம்பியர் பிளக்கில் மாற்றுச் சொருகி போட்டுச் செருகினால் பிளக் உருகும். சமையலறையில் பெரிய மூன்று துளை 16 ஆம்பியர் பிளக் எங்கே இருக்கிறது என்று சாவி வாங்கும் அன்றே பார்த்து வையுங்கள்.

இனி பால். "பொங்கவே இல்லையே" என்று முகம் வாடுகிற வீடுகள் உண்டு. சகுனத்தில் குற்றமில்லை, பாத்திரத்தில்தான். பால் சூடாகும்போது மேலே புரதமும் கொழுப்பும் சேர்ந்து ஆடை கட்டுகிறது. அடியிலிருந்து எழும் ஆவி அந்த ஆடையைக் கிழித்து வெளியேற முடியாமல் நுரையாகத் தள்ளிக்கொண்டு ஏறுவதுதான் பொங்குவது. அகலமான சட்டியில் கொஞ்சம் பாலை ஊற்றிச் சிறு தீயில் வைத்தால் நுரை பரவி அடங்கிவிடும், விளிம்பைத் தொடாது. ஒன்றேகால் லிட்டர் பிடிக்கிற, வாய் குறுகிய பாத்திரத்தில் ஒரு லிட்டர் பால் ஊற்றுங்கள். தீயை முழுசாக வையுங்கள். கரண்டி போட்டுக் கலக்காதீர்கள், கலக்கினால் ஆடை உடைந்துவிடும். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதம் கொழுப்பு, நீலத்தில் 3. எதுவும் பொங்கும், ஆரஞ்சில் குடிக்க நன்றாக இருக்கும். கிழக்குப் பக்கம் வழிய வேண்டும் என்பவர்கள் பாத்திரத்தை அந்தப் பக்கம் ஒரு நூல் சாய்த்து வைத்தால் போதும்.

பொங்கி வழிந்த பால் பர்னர் துளைகளை அடைக்கும். பிறகு தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடிக்கும். வழியத் தொடங்கிய நொடியே தீயைக் குறைத்துவிட்டு, ஆறிய பின் பர்னரைக் கழற்றிக் கழுவி, துளைகளை ஊசியால் குத்திக் காயவைத்துப் போடுங்கள். வெல்லத்தைக் கொதிக்கிற பாலில் போடாதீர்கள், திரிந்துவிடும். புது வீட்டில் முதல் பால் திரிந்தால் பெரியவர்கள் ஒரு வருஷம் சொல்லிக் காட்டுவார்கள். அடுப்பிலிருந்து இறக்கி, சற்று ஆறிய பிறகு வெல்லப்பொடி சேர்க்கலாம். இல்லையென்றால் சர்க்கரை, வம்பே இல்லை. பத்துப் பேருக்கு ஒரு லிட்டர் சரியாக இருக்கும்.

ஹோமம் வேண்டுமென்றால் அதையும் இந்த நாளிலேயே முடித்துக்கொள்ளுங்கள். காலி வீட்டில் கரி படியும் திரையும் சோபாவும் கிடையாது. செம்பு ஹோமகுண்டத்தை நேராகத் தரையில் வைத்து எரித்தால் டைல்ஸ் வெடிக்கும். மேல்புறம் மட்டும் சூடேறி விரிவதும் அடிப்புறம் குளிர்ந்தே கிடப்பதும்தான் காரணம். வாடகை வீட்டில் அந்த விரிசல் அட்வான்ஸில் கழிக்கப்படும். இரண்டு அங்குலம் மணல், அதன்மேல் இரண்டு வரிசை செங்கல், அதன்மேல் குண்டம். மணலுக்கு அடியில் பழைய சாக்கை விரித்தால் அள்ளுவது சுலபம். ஆவணியில் மழை உண்டு. நனைந்த சமித்தும் வறட்டியும் எரிவதைவிடப் புகைவதே அதிகம், முந்தின நாளே வெயிலில் போட்டு வையுங்கள். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, சமையலறை எக்ஸாஸ்டை ஓடவிடுங்கள்.

உயரமான அடுக்ககங்களில் புகை உணரும் கருவி இருக்கும். ஹோமப் புகைக்கு அது அலறும். பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டிவிட்டு அப்படியே மறந்துபோகிறவர்கள் உண்டு, அது ஆபத்து. பராமரிப்பு அலுவலகத்தில் முன்கூட்டியே சொன்னால் அந்த ஒரு மணி நேரத்துக்கு அந்த வீட்டுக் கருவியை மட்டும் நிறுத்தி, முடிந்ததும் திரும்ப இயக்கித் தருவார்கள். கூரையில் சிவப்புக் கண்ணாடிக் குழல் வைத்த தண்ணீர்த் தெளிப்பான் இருந்தால் அது வேறு கதை. புகைக்கு அது அசையாது. 68 டிகிரி சூடு ஏறினால் உடைந்து தண்ணீர் கொட்டும், வால்வை மூடும்வரை நிற்காது. குண்டத்தை அதற்கு நேர் கீழே வைக்காதீர்கள். பசுவையும் கன்றையும் மாடிக்கு ஏற்றுவதை நாங்கள் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுப்போம். பாலிஷ் டைல்ஸில் குளம்பு வழுக்கும், கால் ஒடிந்தால் அந்தப் பாவம் வேறு. வாசல் கேட்டிலேயே பூஜை செய்து அகத்திக்கீரை கொடுத்து அனுப்பலாம்.

நடுவில் கிடைக்கும் இரண்டு வாரம் வீட்டைப் பழகுவதற்கு. எந்தக் குழாயில் உப்புத் தண்ணீர், சிங்க் எவ்வளவு மெதுவாக வடிகிறது, எந்தத் தாழ்ப்பாள் உள்ளே மாட்டிக்கொள்கிறது, கீசரும் ஏசியும் இண்டக்‌ஷனும் ஒன்றாக ஓடினால் டிரிப் ஆகிறதா என்பதெல்லாம் இதற்குள் தெரிந்துவிடும். குளியலறைத் தாழ்ப்பாளை அவசியம் சோதியுங்கள். விருந்தன்று உள்ளே மாட்டிக்கொள்வது எப்போதும் குழந்தைதான்.

விருந்துக்கு வருவோம். இடக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். பத்துக்குப் பதினாறு அடி ஹால் என்றால் 160 சதுர அடி. சோபா, டிவி ஸ்டாண்ட் போக மீதி நூற்றுப்பத்து, நூற்றிருபது. ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தட்டைக் கையில் வைத்துச் சாப்பிட, எட்டு ஒன்பது சதுர அடி வேண்டும். ஆக ஒரே நேரத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று பேர்தான். நாற்பது பேரை "காலை 9 மணி" என்று அழைத்தால் பாதிப் பேர் மாடிப்படியில் நிற்பார்கள். உறவினருக்கு 8 முதல் 9.30, அக்கம்பக்கத்துக்கும் நண்பர்களுக்கும் 9.30 முதல் 11 என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லுங்கள். அலுவலக நண்பர்கள் மாலைதான் வர முடியும் என்றால் 6 மணிக்கு மேல் வரச் சொல்லி காபியும் காரமும் கொடுக்கலாம். ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை ராகு காலம் என்பதால் முதன்முதலாகப் படியேறும் பெரியவர்கள் அந்த நேரத்தில் தயங்குவார்கள்.

எண்ணும்போது குடும்பத்தை எண்ணாதீர்கள், தலையை எண்ணுங்கள். "குடும்பத்தோட வந்துடுங்க" என்று நாற்பது பேரிடம் சொன்னால் அது நூற்றிருபது சாப்பாடு. சொல்லும்போதே "நீங்க, அண்ணி, பாப்பா, மூணு பேரும் வரீங்கதானே?" என்று எண்ணிக்கையைப் பேச்சில் வைத்துவிட்டால், கேட்டதாகவும் ஆகும், மரியாதையும் குறையாது.

வாட்ஸ்அப் அழைப்பில் கதவு எண், மாடி, பிளாக், பக்கத்தில் தெரிந்த அடையாளம், நேர இடைவெளி, ஒரு போன் எண் இருந்தால் போதும். லொகேஷன் அனுப்புவதில் ஒரு சிக்கல் உண்டு. வீட்டுக்குள் உட்கார்ந்து அனுப்பினால் குறி பல நேரம் பின்தெருவில் போய் விழும். வருகிறவர் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று போன் போடுவார். தெருவில் இறங்கி, கேட்டின் முன் நின்று எடுத்து அனுப்புங்கள். பக்கத்து வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் மட்டும் போனில் சொல்லக் கூடாது. குங்குமச்சிமிழோடு நேரில் போய் அழைப்பதுதான் முறை.

சாப்பாட்டுக்கு எங்கள் பரிந்துரை காலை டிபன். மத்தியானச் சாப்பாடு என்றால் சோறு, குழம்பு, ரசம், இரண்டு கறி, கூட்டு, அப்பளம், பாயசம், மோர் என்று ஒன்பது பாத்திரம். ஒவ்வொன்றுக்கும் பரிமாற ஆள். பந்தி முடியும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். டிபனில் பாத்திரம் குறைவு, வருகிறவர் வருகிற நேரத்தில் சாப்பிட்டுக்கொள்வார். நாற்பது பேருக்கு இட்லி, வெண்பொங்கல், மெதுவடை, ரவா கேசரி, சாம்பார், தேங்காய் சட்னி, காபி. இதில் எதை வீட்டில் செய்வது, எதை வெளியே சொல்வது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

இட்லியை வெளியே சொல்லிவிடுங்கள். தலைக்கு மூன்று என்றால் 120 இட்லி. 16 குழி இட்லிப் பானையில் எட்டு ஈடு. ஒரு ஈட்டுக்கு ஊற்றி, வேகவைத்து, எடுக்கக் கால் மணி நேரம் என்றால் இரண்டு மணி நேரம் ஓர் அடுப்பு அதற்கே போய்விடும். அக்கம்பக்கத்தில் இட்லி விற்கும் அம்மா யாராவது இருப்பார், இரண்டு நாள் முன்னே சொன்னால் ஹாட்பாக்ஸில் துணி சுற்றித் தருவார். வீட்டில்தான் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்குக் கணக்கு: ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து, ஐம்பதுக்குக் குறையாது. 120-க்கு இரண்டரைக் கிலோ அரைத்தால் நிம்மதி. வடையையும் சுடச்சுட அங்கேயே வாங்கலாம். சமையலறையில் நாற்பது பேர் போகவரும்போது கொதிக்கிற எண்ணெய் இருக்க வேண்டாம்.

பொங்கல் வீட்டில் செய்யத் தகுந்தது. ஒன்றரைக் கிலோ பச்சரிசி, அரைக் கிலோ பாசிப்பருப்பு. பருப்பை வாசம் வரும் அளவுக்கு மட்டும் வறுத்தால் போதும், சிவந்தால் குழையாது. மொத்த அளவுக்கு நான்கு பங்கு தண்ணீர் வைத்து வேகவைக்க வேண்டும். இங்கேதான் குக்கர் பிரச்சினை. அரிசியும் பருப்பும் நுரைத்து ஏறுகிறவை. குக்கரில் தண்ணீரோடு சேர்த்துப் பாதிக்கு மேல் போனால் விசில் துளையில் நுரை அடைத்துக்கொள்ளும். ஐந்து லிட்டர் குக்கரில் ஒரு தடவைக்கு அரைக் கிலோதான் போடலாம். வாடகைப் பாத்திரக் கடையில் பத்து லிட்டர் குக்கர் ஒன்று எடுத்தால் ஒரு தடவைக்கு ஒரு கிலோ வீதம் இரண்டே ஈடு. வெந்ததைக் குண்டானில் கொட்டி ஒன்றாக மசித்து, கால் கிலோ நெய்யில் மிளகு 25 கிராம், சீரகம் 25 கிராம், இஞ்சி 50 கிராம், முந்திரி 100 கிராம், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கொட்டினால் ஒன்பது கிலோ அளவுக்குப் பொங்கல் வரும், தலைக்கு இருநூறு கிராமுக்குக் குறையாது. ஆற ஆறப் பொங்கல் இறுகும். 7 மணிக்குச் சரியான பதத்தில் இறக்கினால் 9 மணிக்கு வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே பாயசம்போல் சற்றுத் தளர்வாக இறக்குங்கள், பக்கத்தில் ஒரு லிட்டர் வெந்நீரும் இரண்டு கரண்டி நெய்யும் தயாராக இருக்கட்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றித் தளர்த்தக் கூடாது, சுவையும் போகும், சீக்கிரம் கெட்டும் போகும்.

கேசரி அரைக் கிலோ ரவைக்கு. முக்கால் கிலோ சர்க்கரை, ஒன்றரை லிட்டர் தண்ணீர், கால் கிலோ நெய். ரவை முழுவதும் வெந்த பிறகே சர்க்கரை. முன்னால் போட்டால் ரவை வேகாமல் பல்லில் கடிபடும். கட்டி தட்டுவது ரவையைக் கொதிக்கும் தண்ணீரில் ஒரேயடியாகக் கொட்டுவதால். ஒருவர் தூவ, ஒருவர் கிளற வேண்டும், இதற்கு இரண்டு பேர் தேவை. முந்தின இரவே செய்து வைத்து, காலையில் நெய் விட்டுச் சூடுபடுத்தலாம், குறை வராது. அன்று காலை அடுப்பைக் காலியாக வைத்திருக்க இதைவிட நல்ல வழி இல்லை.

சாம்பார் ஏழு லிட்டர் வேண்டும். டிபன் சாம்பாருக்கு முக்கால் கிலோ பருப்பு போதும், துவரையோடு கொஞ்சம் பாசிப்பருப்பும் கலந்தால் பொங்கலுக்கும் இட்லிக்கும் ஒத்துப்போகும். சின்ன வெங்காயம் ஒரு கிலோ, தக்காளி முக்கால் கிலோ, புளி 100 கிராம். சின்ன வெங்காயத்தை முந்தின நாள் மாலையே உரித்து வையுங்கள். ஒரு கிலோ உரிக்க இரண்டு பேருக்கு முக்கால் மணி நேரம் ஆகும் என்பதைக் கணக்கில் சேர்க்க எல்லோரும் மறக்கிறார்கள்.

சட்னிக்கு ஐந்து தேங்காய். இதுதான் முதலில் கெடும். ஆவணி வெயிலில் 7 மணிக்கு அரைத்தது 10 மணிக்கெல்லாம் வாசம் மாறத் தொடங்கும். துருவியதை ஃபிரிட்ஜில் வைத்து, மூன்றை முதலில் அரையுங்கள், இரண்டை 9.30-க்கு அரையுங்கள். பழைய சட்னிப் பாத்திரத்தில் புதுச் சட்னியை ஊற்றாதீர்கள்.

காபிதான் மரியாதை என்று நினைக்கிற ஊர் இது. தலைக்குப் பத்துக் கிராம் பொடி, நாற்பது பேருக்கு 400 கிராம். பால் ஐந்து லிட்டர். சாதாரண வீட்டு ஃபில்டரில் ஒரு தடவைக்கு ஐம்பது, எழுபத்தைந்து கிராம்தான் பிடிக்கும், காலையில் தொடங்கினால் முடியாது. இரண்டு ஃபில்டரில் முந்தின இரவே ஈடு போட்டு எடுத்து மூடி வையுங்கள். மணம் சற்றுக் குறையும், கெடாது. கடைசி ஈட்டை மட்டும் காலையில் போட்டுக் கலந்தால் மணமும் வந்துவிடும். டிகாக்‌ஷனை அடுப்பில் கொதிக்கவைக்காதீர்கள், கசந்துவிடும். கொதிக்கிற பாலை அதன்மேல் ஊற்றினால் அந்தச் சூடே போதும்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. பிளாஸ்டிக் பூச்சு உள்ள காகிதக் கப்பும் தட்டும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. காகிதம்தானே என்று வாங்கிவிடுகிறார்கள். எவர்சில்வர் டம்ளர் ஐம்பது வாடகைக்கு எடுங்கள். நின்றும் உட்கார்ந்தும் கையில் வைத்துச் சாப்பிட பத்து அங்குலப் பாக்குமட்டைத் தட்டு ஐம்பது, மேலே அளவாக வெட்டிய வாழை ஏடு. ஏடு இல்லாமல் சாம்பாரை ஊற்றினால் மட்டை ஊறி அடியில் ஈரம் கசியும், உட்கார்ந்தவர் வேட்டியில் தெரியும். சட்னிக்கும் சாம்பாருக்கும் சின்னத் தொன்னை இருந்தால் இன்னும் வசதி.

குடிக்க 20 லிட்டர் கேன் மூன்று. கை கழுவ, கழிவறைக்கு என்று நாற்பது பேருக்கு நானூறு லிட்டராவது செலவாகும். தனி வீடானால் தொட்டியை முந்தின இரவே நிரப்பி வையுங்கள். அடுக்ககமானால் சங்கத்தில் சொல்லி அன்று காலை மோட்டார் போடச் சொல்லுங்கள். சமையலறை சிங்க்கில் யாரையும் கை கழுவ விடாதீர்கள். பொங்கல் பருக்கை அடைத்தால் கீழ்வீட்டுக்காரர்தான் முதலில் அறிமுகமாவார். ஓட்டை வடிதட்டு ஒன்று போட்டு வைப்பது நல்லது.

வந்தவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்ப்பார்கள், அதற்குத்தானே வருகிறார்கள். இன்னும் பிரிக்காத பெட்டிகளை ஒரே அறையில் அடுக்கிப் பூட்டிவிடுங்கள். மற்ற அறைகளில் பீரோச் சாவி, மாத்திரை, லேப்டாப் வெளியே இருக்கக் கூடாது. செருப்பை மாடிப்படியில் குவிக்காமல் கதவுக்கு உள்ளே பழைய பாய் விரித்து விடச் சொல்லுங்கள். படி அவசரத்துக்கு இறங்கும் வழி, அதில் நாற்பது ஜோடி கிடந்தால் வயதானவர் விழுவார். வாசலுக்கு வெளியே பொது நடையில் ஈர மாக்கோலமும் அப்படித்தான், வழுக்கும். அங்கே காய்ந்த மாவுக் கோலம் போதும்.

பரிசு பற்றி ஒரு வார்த்தை. சுவர்க் கடிகாரம், பிள்ளையார் படம், எவர்சில்வர் குத்துவிளக்கு, இந்த மூன்றும் எல்லா வீட்டுக்கும் ஒன்றுக்கு மேல் வருகின்றன. வாடகை வீட்டில் ஆணி அடிக்கவே ஓனரிடம் கேட்க வேண்டும். "வேணாம்" என்று அழைப்பில் போட்டால் வருத்தப்படும் உறவினர் உண்டு, நெருங்கியவர்கள் "என்ன வேணும்?" என்று கேட்டால் கூச்சப்படாமல் சொல்லுங்கள்: துணி காயப்போடும் கொடி, கதவு மிதியடி, இரண்டு செடி. தாம்பூலத்துக்கு வெற்றிலை, பாக்கு, ஒரு பழம், மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்தால் போதும். பிளாஸ்டிக் டப்பா கொடுக்கும் வழக்கம் எப்போது ஒட்டிக்கொண்டதோ.

திருஷ்டிப் பூசணியை நடுத்தெருவில் உடைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வதுபற்றி உங்கள் வாசகர்கள் பலமுறை எழுதியிருப்பார்கள். குங்குமமும் சதையும் கலந்து கிடக்கும் அதில் பைக் சக்கரம் ஏறினால் நிற்காது. ஓரமாக உடைத்து, கால் மணி நேரத்தில் பெருக்கி அள்ளி, மக்கும் குப்பையில் போட்டுவிட்டால் திருஷ்டி திரும்பி வராது. ஏடும் மட்டையும்கூட அதே தொட்டிக்குத்தான். ஞாயிறு குப்பை வண்டி வருமா என்று முன்னாலேயே கேளுங்கள். வராது என்றால் மொட்டை மாடியிலோ பால்கனியிலோ மூடி வைக்க ஒரு பெரிய டிரம் வேண்டும், மாலைக்குள் நாற்றம் எடுத்துவிடும்.

மீந்த இட்லியையும் பொங்கலையும் மத்தியானத்துக்கு என்று அடுப்பு மேடையில் விடாதீர்கள். 11 மணிக்கே பிரித்து செக்யூரிட்டிக்கும் வீட்டு வேலைக்கு வருபவர்களுக்கும் சூடாகக் கொடுத்துவிடலாம், மீதம் ஃபிரிட்ஜுக்குப் போகட்டும். வாடகைப் பாத்திரத்தைக் கழுவி, ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, கடைப் பையன் முன்னால் எண்ணிக் கொடுங்கள். கரண்டிகளை முதலில் எண்ண வேண்டும். டம்ளர் ஒன்று குறைந்தால் எந்த ஜன்னல் மேடையிலாவது இருக்கும். கரண்டி எச்சில் தட்டோடு குப்பைக்குப் போயிருக்கும்.

இப்படிக்கு,
சிறு விசேஷச் சமையல் வேலை செய்வோரும் அடுக்ககச் சங்க உறுப்பினர் சிலரும்,
சென்னை